பங்கர் நினைவுகளை வைத்து ஒரு நாட்டார் பாட்டு: எந்த வடிவம் பொருந்தும்?

தண்ணிப்பந்தல்:

வணக்கம் உறவுகளே. வருகிற மே மாத முள்ளிவாய்க்கால் நினைவு நிகழ்வில் பாட ஒரு பாட்டுக் கட்ட வேண்டும். எங்கட குடும்பத்தில் போர்க்காலத்தில் பங்கருக்குள் (பதுங்கு குழிக்குள்) இருந்த ஆக்கள் சொன்னதை வைத்து, நாட்டார் பாடல் வடிவில் புதிதாகச் செய்வதுதான் எண்ணம். பாடப்போவது ஆறு பெண்கள், ஐந்து பிள்ளைகள். ஒருவருக்கும் சங்கீதப் பழக்கம் இல்லை. ஆர்மோனியத்துக்கும் உடுக்குக்கும் ஆள் உண்டு. நேரம் நாலு நிமிடம்.

அம்மம்மாவும் பெரியம்மாவும் கதைத்த குரல்பதிவில் இருந்து எழுதி எடுத்தவை: பனங்குத்தி அடுக்கின பங்கர், சிலிப்பர் கட்டை (தண்டவாளத்துக்குக் கீழே போடுகிற மரக்கட்டை), சகடையும் (குண்டு போடுகிற விமானம்) பீப்பாக் குண்டும், ஜாம் போத்தல் விளக்கு, கிபிர் (போர் விமானம்), மாரியில் பங்கருக்குள் தண்ணி நின்றது, தவக்கை (தவளை), காணி உறுதி (காணிப் பத்திரம்) வைத்த பை, சீலையில் தைத்த மண்மூடை, வெறும் உப்புக் கஞ்சி, குழந்தை அழாமல் வாயைப் பொத்தினது.

இதை ஒப்பாரியாகச் செய்வதா, கும்மியா, தாலாட்டா? பழைய மெட்டை எடுக்கலாமா? விபரத்தில் பிழை இருந்தால் மண்டபத்தில் இருக்கிற வயசாளிகள் உடனே பிடிப்பினம், அதுக்கும் பயம். எழுதிப் பார்த்த தொடக்கம் இது:

எந்தன் இதயம் நொறுங்கியதே ஏக்கம் வானில் பறந்ததுவே
பதுங்கு குழியின் இருளினிலே பாவியர் நாங்கள் துடித்தோமே
மண்ணுக்குள்ளே நீயுறங்கு மகளே மகளே நீயுறங்கு


சல்லாரி:

முதலில் வடிவம். ஒப்பாரியை விடுங்கள். ஒப்பாரி ஒருத்தி ஒரு செத்தவரை நேரே கூப்பிட்டுச் சொல்வது. சொல்பவள் மூச்சு முட்டுகிற இடத்தில் அடி முடியும், குரல் மேலே தொடங்கிப் படிப்படியாகக் கீழே விழும், அடிக்கு அடி நீளம் மாறும். பதினொரு பேர் ஒரே நேரத்தில் அதைப் பாடினால் அந்த இழுவை எல்லாம் போய்ப் பள்ளிக்கூடக் காலைப் பிரார்த்தனை மாதிரி வந்து நிற்கும். அதோடு உங்கட பட்டியலில் செத்தவர் என்று ஒருவரும் இல்லை. ஆரைக் கூப்பிடப் போகிறீர்கள்?

கும்மி கூட்டமாகப் பாடத்தான் உண்டானது. அரையடி நாலு சீர், மற்ற அரையடி மூன்று சீர், எட்டாவது இடம் வெறுமை. நடை மும்மை நடை. பிள்ளைகளுக்கு அரை மணித்தியாலத்தில் பிடிபடும். பங்கர் வெட்டுகிற வேலையைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. ஒரு மாதிரி:

மண்வெட்டி ஆளுக்கு மாறிமாறிப் போட்டு
மாமரத் தடியில கல்லுக்கண்டோம்
கல்லுக்கு மேலால மூடை யடுக்கிக்
காவோலை போட்டதை மூடிவைச்சோம்

எட்டாவது இடத்தில் கையைத் தட்டாமல் விட்டுப் பாருங்கள். கேட்கிறவர் அந்த அடிக்காகக் காத்திருப்பார், அது வராது. செல்லடிக் காலத்தைச் சொல்ல வேறு வாத்தியம் தேவையில்லை.

ஆனால் மே நிகழ்வில் கைகொட்டுவதைச் சிலர் விரும்பமாட்டார்கள். அம்மன் கோயிலில் கும்மி கேட்டு வளர்ந்தவருக்கு அது கொண்டாட்டமாகத் தெரியாது, மற்றவருக்குத் தெரியும். ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

மெட்டு: காத்தவராயன் கூத்து மெட்டை எடுக்கச் சொல்லி யாராவது வருவார்கள். சிந்துநடை, இலகு, யாழ்ப்பாணத்தில் தெரியாத ஆள் இல்லை. அதனால்தான் வேண்டாம் என்கிறேன். பழகின மெட்டு பழைய சொல்லையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும். சனம் காத்தானைத்தான் கேட்கும்.


அலவாங்கு:

விபரத்துக்கு வருகிறேன். உங்கட பட்டியலில் மூன்று காலம், மூன்று இடம் கலந்து கிடக்கு. அதைப் பிரிக்காமல் ஒரு சரணத்துக்குள் போட்டால் வயசாளிகள் பிடிக்கத்தான் செய்வினம்.

சகடை, பீப்பாக் குண்டு, ஜாம் போத்தல் விளக்கு: இவை 1990ஐ ஒட்டி, யாழ்ப்பாணக் குடாநாடு. 1990 யூனில் ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போனது அதற்குப் பிறகுதான். 1987 வடமராச்சிச் சண்டையைப் பாடினால் சிலிப்பர் கட்டையைச் சேர்க்க வேண்டாம். அந்த நேரம் வந்தது ஹெலியும் சியாமாசெட்டி விமானமும். புக்காரா விமானம் வந்தது 1993 வாக்கில். கிபிர் 1996. மிக் விமானமும் மல்ரிபரல் ரொக்கெட் செலுத்தியும் 2000. ஆக, சகடையும் கிபிரும் ஒரே சரணத்தில் நிற்க முடியாது. சீலையில் தைத்த மூடையும் உப்புக் கஞ்சியும் 2009, முல்லைத்தீவுக் கடற்கரை.

விளக்கு: ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் நனைகிற அளவு மண்ணெண்ணெய், திரி. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடையாத காலத்தில் ஒரு துளியை நீட்டி எரிப்பதற்கு வந்த விளக்கு அது. பாட்டில் அதை "சுடர்விடும் தீபம்" என்று எழுதிப் போடாதீர்கள்.

நிலம்: குடாநாட்டு வலிகாமத்தில் செம்பாட்டு மண் இரண்டு மூன்று அடிதான், பிறகு சுண்ணாம்புக்கல். அலவாங்கு (கடப்பாரை) துள்ளும். அதனால் அங்கே பாதி நிலத்துக்குள், பாதி மேலே மூடை அடுக்கிச் சுவர் எழுப்பினது. வன்னிச் செம்மண் ஆழம். ஐந்தாறு அடி நேரே வெட்டினாலும் சுவர் நிற்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணி ஊறும். புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் பக்கம் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல். மணல். கிண்டக் கிண்டக் கரை சரியும், சில அடியில் தண்ணி. அதனால்தான் ஆழம் குறைவு, சுற்றி மூடை. உரப்பை தீர்ந்த பிறகு சீலை.

வீட்டுப் பங்கர் பெரும்பாலும் எல் வடிவம். அகலம் இரண்டரை, மூன்று அடி, ஆள் குனிந்து இருக்கிற ஆழம், வாசலுக்குப் படி. வளைவு வைப்பது வாசலில் விழுகிற செல்லின் சன்னம் (சிதறுகிற துண்டு) உள்ளே இருக்கிற ஆளை நேரே எட்டாமல் இருக்க. மேலே குத்தியை நெருக்கமாகக் குறுக்கே அடுக்கி, காவோலையோ (காய்ந்த பனையோலை) தகரமோ போட்டு, அதன் மேல் மண்மூடை. குத்தி இரண்டு பக்கமும் குழி விளிம்பைத் தாண்டி ஓரிரு அடி தரையில் இருக்க வேண்டும். கட்டையாகத் தறித்தால் பாரத்தில் விளிம்பு உடைந்து கூரை உள்ளே வரும். வைரம் பாய்ந்த முதிர்ந்த பனைதான் நின்றது; தென்னங்குத்தி மாரிக்குள் உக்கும், மிச்சம் கறையானுக்கு. சீமெந்துக்குத் தடை, அதால் கொங்கிறீட் கூரை சாதாரண வீட்டில் இல்லை. இன்னொன்று, நேரே குண்டு விழுந்தால் இந்தப் பங்கர் காப்பாற்றாது. சன்னத்துக்கும் அதிர்ச்சிக்கும்தான். "அம்மம்மாவின் கோட்டை" என்கிற மாதிரி வரி எழுதினால் அது பொய்.

வாயைப் பொத்தினது பற்றிப் பெரியம்மாவிடம் திரும்பக் கேளுங்கள். பங்கருக்குள் பிள்ளைகளுக்குச் சொன்னது காதைப் பொத்து, வாயைத் திற என்று. வெடி அதிர்ச்சியில் செவிப்பறை கிழியாமல் இருக்கத்தான் அது. கிபிருக்கோ செல்லுக்கோ குழந்தை அழுகிற சத்தம் கேட்காது. வாயைப் பொத்தினது அநேகமாக இரவில் குடாநாட்டில் இருந்து வன்னிக்குக் கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்த நேரமாக இருக்கலாம், அல்லது ஆமி கிட்ட வந்த நேரமாக. இரண்டும் நடந்ததுதான். ஆனால் இடத்தை மாற்றி வைத்தால் அந்த வரி நிற்காது.


கறுத்தக்கொழும்பான்:

அலவாங்கு அண்ணை பிரித்துத் தந்ததே பாட்டின் அமைப்பு. மூன்று நிலம், மூன்று குழி. ஒரே குடும்பம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து திரும்பத் திரும்பக் கிண்டுகிறது. சரணத்துக்கு ஒரு இடம். நிலமும் கூரையும் மாறும், பல்லவி மட்டும் மாறாது. நாட்டார் பாட்டு நடக்கிறதே இப்படித்தான், ஒரே சட்டத்துக்குள் ஒரு பொருளை எடுத்து இன்னொன்றை வைத்து.

வடிவம் தாலாட்டு. சல்லாரி அண்ணையின் கும்மி நல்லாய்த்தான் இருக்கு, ஆனால் நீங்கள் தந்ததில் குழந்தை இருக்கு, பாடுவது பெண்கள், பயிற்சி இல்லை. தாலாட்டுக்கு ஐந்தாறு சுரம் போதும்.

உங்கட மூன்று வரியைப் பார்ப்போம். முதல் இரண்டிலும் ஒரு பொருள்கூட இல்லை. இதயம், ஏக்கம், வானம், இருள்: எந்த நாட்டு எந்தப் போருக்கும் பொருந்தும். அம்மம்மா பதிவில் "எந்தன்" என்றா சொன்னவ? மூன்றாவது வரி இன்னும் சிக்கல். நினைவு நிகழ்வில், விளக்கு ஏற்றி வைத்த மேடையில் நின்று "மண்ணுக்குள்ளே நீயுறங்கு" என்று பாடினால் கேட்கிற எல்லாருக்கும் அது புதைகுழி. செத்த பிள்ளைக்கான பாட்டு என்றால் வைத்திருங்கள். உயிரோடு வந்த பிள்ளைக்கு என்றால் மாற்றுங்கள்.

தாலாட்டுக்குத் தொட்டில் வேண்டும். எங்கட வீடுகளில் அது ஏணை, வளையில் (கூரை மரத்தில்) சீலையைக் கட்டித் தொங்கவிடுவது. பங்கருக்குள் ஏணை கட்ட உயரமும் இல்லை, வளையும் இல்லை. பிள்ளை மடியில்தான். பல்லவி அதிலேயே கிடக்கு:

ஏணைகட்ட வளையில்லை என்மடியில் நீயுறங்கு

நாலு சீர். ஏ, எ மோனை. இனிச் சரணத்துக்கு ஒவ்வொரு கண்ணி (இரண்டு அடி) தருகிறேன், மிச்சத்தை உங்கட பதிவில் இருந்து நிரப்புங்கள்.

வலிகாமம்:
செம்பாட்டு மண்கிண்டச் சுண்ணாம்புக் கல்லுவந்து
முழங்காலின் ஆழத்தில முனைமழுங்கும் அலவாங்கு

வன்னி:
காடுவெட்டிப் பனைதறிச்சுக் கழுத்தளவு குழியெடுக்கத்
தண்ணிவந்து குடியிருக்கத் தவக்கையெல்லாம் பாட்டெடுக்க

கடற்கரை:
கடற்கரையின் மணல்கிண்டக் கரையிரண்டும் சரிஞ்சுவிழக்
கூறையையும் பையாக்கிக் குமிச்சுவைச்சோம் உன்னருகே

அடியின் முதல் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் மோனை விழுந்தால் பாடுகிறவருக்கு வரி தானாக ஞாபகம் வரும். முழங்கால்–முனை, தண்ணி–தவக்கை. எதுகையைத் தேடி அலைய வேண்டாம், அது புலவர் வேலை. ஒரு சீருக்குள் ஒற்றை விட்டு நாலு எழுத்து, கூடினால் ஐந்து. அதற்கு மேல் போனால் பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள்.


தண்ணிப்பந்தல்:

மிக்க நன்றி. பெரியம்மாவிடம் கேட்டேன், அலவாங்கு அண்ணை சொன்னது சரி, வாயைப் பொத்தினது கிளாலியில்தான். அந்த வரியை எடுத்துவிட்டேன். உறுதிப் பையை எங்கே வைப்பது? மூன்று இடத்திலும் அந்தப் பை இருந்ததாம்.

வேகம் எவ்வளவு, எத்தனை கட்டையில் பாடுவது, உடுக்கைச் சேர்க்கலாமா என்பதும் தெரிய வேண்டும்.


கறுத்தக்கொழும்பான்:

பை மூன்று சரணத்திலும் வரட்டும், கடைசிக் கண்ணியாக. முதல் சரணத்தில் பைக்குள் உறுதி, அடையாள அட்டை, நகை. இரண்டாவதில் நகை இல்லை. மூன்றாவதில் உறுதி மட்டும். வித்ததா, கொடுத்ததா, துலைஞ்சதா என்று விளக்க வேண்டாம். உங்கட வீட்டில் நடந்த ஒழுங்கு வேறு என்றால் அதை எழுதுங்கள், என்னுடையதை அல்ல.

வேகம்: ஆறடிக் கயிற்றில் தொங்குகிற ஏணை ஒருதரம் போய்வர ஏறக்குறைய 2.7 நொடி. வழக்கமான தாலாட்டு அந்த இழுவையில் போகும். மடியில் வைத்து ஆட்டுவது அதைவிடச் சுறுக்கு, ஒன்று முதல் ஒன்றரை நொடி. பங்கர்த் தாலாட்டு மடி ஆட்டத்தில் போக வேண்டும். சீருக்கு ஓர் ஆட்டம், ஒன்றரை நொடி என்று வைத்தால் அடிக்கு 6 நொடி. சரணத்துக்கு இரண்டு கண்ணி, அதாவது நாலு அடி, 24 நொடி, பல்லவி இரண்டுதரம் 12 நொடி, மொத்தம் 36. மூன்று சரணம் 108 நொடி. தொடக்கத்தில் ஒருத்தி தனியாகப் பல்லவி சொல்லி, ஒவ்வொரு சரணத்தையும் ஒருத்தி பாட மற்றவர் அடியைத் திருப்பிப் பாடினால் மூன்று நிமிடத்துக்குக் கிட்ட வரும். நாலு நிமிடத்தை நிரப்ப வேண்டும் என்று சரணத்தைக் கூட்டாதீர்கள்.

மெதுவாகப் பாடினால் சோகம் கூடும் என்று நினைத்து எல்லாரும் இழுப்பார்கள். ஏணை வேகத்தில் ஓர் அடிக்கு பதினொரு நொடி. பழக்கமில்லாத ஆளுக்கு ஒரே மூச்சில் வராது. நடுச்சீரில் மூச்செடுப்பார்கள், "சுண்ணாம்புக்" ஒரு பக்கம் "கல்லுவந்து" இன்னொரு பக்கம் கிடக்கும்.


சல்லாரி:

தாலாட்டு என்று முடிவானால் உடுக்கு வேண்டாம். உடுக்குச் சத்தம் அம்மன் கோயிலையும் காத்தானையும்தான் கூட்டிவரும். உரு ஏற்றுகிற (சாமியாட வைக்கிற) வாத்தியத்தை வைத்துப் பிள்ளையை நித்திரையாக்க ஏலாது. தாலாட்டின் தாளம் தொடையில் உள்ளங்கை தட்டுகிறதுதான். ஆறு பேரும் நிலத்தில் பாய் போட்டு இருந்து மெல்லத் தட்டட்டும், முன்னால் தரையோடு ஒரு மைக். ஆர்மோனியம் ஸ, ப இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். மெட்டைக் கூடவே வாசித்தால் பாடுகிறவர் ஆர்மோனியத்தைத் துரத்திக்கொண்டு போவார்கள்.

சுருதி ஐந்தரை அல்லது ஆறு கட்டை. மெட்டு கீழ் நி முதல் த வரைக்குள் நிற்கட்டும், மேல் ஸ தொட வேண்டாம். பிள்ளைகளுக்கு ஐந்தரை கீழாக இருந்தால் ஆறு. அதற்கு மேலே போனால் வயசான குரல் உடையும். ஒத்திகையில் முதல் நாளே இரண்டிலும் பாடிப் பார்த்து ஒன்றைப் பிடியுங்கள். நிகழ்வு அன்று மாற்ற வேண்டாம்.

மெட்டுக்கு வெளியே தேடாதீர்கள். அம்மம்மாவை எந்தச் சொல்லும் இல்லாமல் ஒரு தாலாட்டை முனகச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அவ எந்தச் சுரத்தில் தொடங்குறா, அடியை எங்கே இறக்குறா என்பதைக் குறித்துக்கொண்டு அதில் உங்கட வரியை வையுங்கள். ஒரு சீர் தட்டினால் வரியை மாற்றுங்கள், மெட்டை நீட்ட வேண்டாம். அவவுக்கு ஒரு தாலாட்டுக்கு மேல் தெரிந்திருக்கும், மிகச் சாதாரணமானதை எடுங்கள்.


மாரித்தவக்கை:

ஒலிப்பதிவு, மேடை பற்றி மட்டும் சொல்கிறேன். கிபிர் இரைச்சல், செல் கூவுகிற சத்தம் எதையும் பின்னணியில் போடாதீர்கள். போடச் சொல்லி யாராவது வற்புறுத்துவார்கள். மண்டபத்தில் அதை நேரே கேட்டவர்கள் இருப்பார்கள். தாலாட்டுக்கு நடுவில் அந்தச் சத்தம் வந்தால் அவர்கள் எழும்பி வெளியே போவார்கள், பாட்டு அங்கேயே முடிந்தது. ஒலிபெருக்கியில் எதிரொலி கூட்டுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். பங்கருக்குள் எதிரொலி கிடையாது. மண்ணும் மூடையும் சத்தத்தைக் குடித்துவிடும், உள்ளே குரல் மொட்டையாகத்தான் கேட்கும்.

பதினொரு பேருக்கு மூன்று மைக் போதும். தனியாகப் பாடுபவருக்கு ஒன்று, கூட்டத்துக்கு நெஞ்சு உயரத்தில் ஒன்று, தட்டுகிற சத்தத்துக்குத் தரையில் ஒன்று. கூட்ட மைக் முன்வரிசையில் இருந்து மூன்றடி தள்ளி. கிட்ட வைத்தால் நடுவில் இருக்கிற ஒருவரின் குரல்தான் ஏறும். தரை மைக்குக்குக் கீழே துணி மடித்து வையுங்கள், ஆக்கள் மேடையில் நடக்கிற இடி ஏறாமல்.

பேச்சை மேடைப் பேச்சாக மாற்ற விடாதீர்கள். "குமிச்சுவைச்சோம்" என்று இருப்பதை "குவித்து வைத்தோம்" என்று யாராவது திருத்தினால் பேச்சோசை போகும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ழ, ள, ல பிசகும். "முழங்கால்", "அலவாங்கு" இரண்டையும் தனியாகச் சொல்லிப் பழக்குங்கள். வளை, ஏணை, காவோலை எது என்று படம் காட்டுங்கள். தெரியாத சொல்லைப் பாடுகிற பிள்ளை அந்தச் சொல்லில் குரலைத் தாழ்த்தும், மைக்கில் அது அப்படியே கேட்கும்.


அலவாங்கு:

ஒரு திருத்தம். கறுத்தக்கொழும்பானின் வன்னிக் கண்ணியில் "காடுவெட்டிப் பனைதறிச்சு" என்று இருக்கு. வன்னியில் காட்டோரமாக இருந்தவர்கள் பாலை, முதிரை போன்ற காட்டுமரத்தைத்தான் கூரைக்குப் போட்டார்கள். பனை கிடைத்த ஊரில் பனை. அம்மம்மா ஆக்கள் எந்த ஊரில் இருந்தவை என்று கேட்டு அதன்படி வையுங்கள். "பாலைவெட்டிக் குறுக்கடுக்கிப் பள்ளத்தில குழியெடுக்க" என்றாலும் சீர் சரி வரும். பள்ளம் என்றால் தண்ணி ஏன் வந்தது என்பதும் விளங்கும். மேட்டில் வெட்டினவர்களுக்குத் தவக்கைப் பிரச்சினை அவ்வளவு இல்லை.

மூன்றாவது சரணத்தில் மாரி, மழை என்று ஒன்றும் வரக்கூடாது. அது சித்திரை, வைகாசி. வெயில், உப்புக் காத்து, மணல் சூடு. ஈரம் என்றால் குழிக்கடியில் ஊறின உவர்த்தண்ணி மட்டும்.


தண்ணிப்பந்தல்:

ஊர் விசுவமடுப் பக்கம், பாலைக் குத்திதான் என்று பெரியம்மா சொன்னா. மாற்றிவிட்டேன். கூறைச்சீலை (கல்யாணச் சேலை) வரியைப் பாடப்போகிற அக்கா ஒருவர் அந்த அடியைத் தான் தனியாகச் சொல்கிறேன் என்று கேட்கிறார். விடலாமா?


சல்லாரி:

விடுங்கள். ஆனால் திருப்பிப் பாடுகிற கூட்டம் அந்த அடிக்கு மட்டும் திருப்ப வேண்டாம், நேரே பல்லவிக்குப் போங்கள். தட்டுகிற கை நிற்கக் கூடாது. நின்றால் வேகம் விழும், பல்லவியை எடுக்கிற பிள்ளைகள் தடுமாறுவார்கள்.